முதலில் டப்பா திறக்கட்டும், ஹீப்ரு பின்னால் வரும்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நான் மதுரைக்காரி, கணவர் அமெரிக்க யூதர். மகளுக்கு இந்த ஜூலையில் ஐந்து வயது முடிகிறது. செப்டம்பரில் ஒரு யூதப் பள்ளியில் கிண்டர்கார்ட்டன் சேர்கிறாள். எல்லாப் பிரிவு யூதர்களும், எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களும் பிள்ளைகளை அனுப்புகிற பள்ளி. தினமும் ஹீப்ருவும் பிரார்த்தனையும் உண்டாம். அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதே சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கட்டுமா? வீட்டில் சைவச் சமையல்தான், ஆனால் யூத உணவு விதிப்படியான கோஷர் அடுப்படி இல்லை. மதியத்துக்கு என்ன கொடுத்தனுப்புவது? அவள் பேசுகிற கொஞ்சம் தமிழும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போன வாரம், “அம்மா ஜூயிஷ் இல்லைன்னா நான் யாரு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

பதில்: ஆள் வைக்க வேண்டாம். அந்தப் பணத்தில், அவள் தன் கையாலேயே திறக்கக்கூடிய சாப்பாட்டு டப்பா ஒன்று வாங்குங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஹீப்ரு தெரியாததால் கிண்டர்கார்ட்டனில் தடுமாறும் பிள்ளைகள் குறைவு. டப்பா திறக்கத் தெரியாமல், கோட்டின் ஜிப் போடத் தெரியாமல், பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க வாய் வராமல் மூன்று மணிக்கு அழுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

அமெரிக்கப் பள்ளியில் அந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். யூத வழிபாட்டுக்கூடமான சினகாக்கின் நர்சரியிலிருந்து வரும் சிலருக்குப் பாட்டுகள் தெரிந்திருக்கும். இஸ்ரேலியக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் அது சரளமாகப் பேசும். மற்றவர்களுக்கும் உங்கள் மகளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் ஆசிரியை பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார்: பாட்டு, படம், கை ஜாடை. முதல் நாள் காதில் விழுவது எழுத்து அல்ல, ‘போகெர் தோவ்’ என்கிற காலை வணக்கம். ‘மோதா அனி’ என்ற சின்னப் பிரார்த்தனை தினமும் பாட்டாக வரும். காலையில் கண் விழித்ததும் நன்றி சொல்வது அது. பையன்கள் ‘மோதே’ என்பார்கள், பெண்கள் ‘மோதா’ என்பார்கள். இதையே தினமும் பாடினால் தானாகவே வாயில் உட்கார்ந்துவிடும். வீட்டில் குளிக்கும்போது பாடத் தொடங்கினாள் என்றால் வகுப்பில் பொருந்திவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஹீப்ரு நேரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் கவலை வேண்டாம். புது மொழிக்குள் போகிற பிள்ளை சில மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு.

ஆனால் உங்களுக்காக நீங்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம், அதுவும் தமிழ் வழியாக. ஹீப்ருவில் 22 எழுத்துகள், எல்லாம் மெய். உயிரொலிக்குத் தனிக் குறிகள், பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் வரும். நம் காலும் கொம்பும் செய்கிற வேலைதான். ‘க’வோடு கொம்பு சேர்த்து ‘கெ’ என்று வாசித்துப் பழகியவருக்கு இது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடச் சீக்கிரம் பிடிபடும். புள்ளி மட்டும் ஏமாற்றும். தமிழில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும். அங்கே ‘பேத்’ எழுத்தின் வயிற்றில் புள்ளி இருந்தால் ‘பல்பு’ என்பதன் முதல் ஒலி, இல்லாவிட்டால் ‘வ’. குழந்தைகள் மாற்றி எழுதும் ஜோடிகள் மூன்று: பேத்–கஃப், தாலெத்–ரேஷ், ஹே–ஹெத். கடைசியில் சொன்ன ஹெத்தின் ஒலி தொண்டையைச் செருமுவதுபோல வரும், தமிழிலும் ஆங்கிலத்திலும் இல்லை. மகளுக்கு அது வந்துவிடும், உங்களுக்கு வராது. விட்டுவிடுங்கள்.

வலமிருந்து இடமாக எழுதுவதால் சில மாதம் தன் ஆங்கிலப் பெயரையும் திருப்பி எழுதலாம். ஐந்து வயதில் ஒரே மொழி படிக்கிற பிள்ளையும் இதைச் செய்யும். கணக்கு மட்டும் ஹீப்ருவிலும் நம்மைப்போல இடமிருந்து வலம்தான் என்பதால் இலக்கங்களில் தனிக் குழப்பம் வராது. ஆசிரியையிடம் காலைப் பிரார்த்தனைகளின் ஆங்கில எழுத்துப் பிரதி ஒன்று கேட்டு வாங்கி, தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஷ, ஸ, ஹ, ஃப எல்லாம் கைவசம் இருப்பதால் நம் எழுத்தில் நன்றாகவே வரும்.

இனி சாப்பாடு. இதில்தான் முதல் வாரமே மனஸ்தாபம் வரும், ஏனென்றால் “எங்கள் வீடு சைவம், அப்புறம் என்ன” என்று நாம் நினைப்போம். சைவம் வேறு, கோஷர் வேறு. பள்ளிக்குப் பள்ளி விதி மாறும், பொதுவாக மூன்று வகை. பள்ளியே சாப்பாடு போட்டு, வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாதது ஒன்று. வீட்டிலிருந்து கொண்டுவரலாம், ஆனால் இறைச்சி கூடாது, பகிர்ந்து சாப்பிடவும் கூடாது என்பது இரண்டாவது. கோஷர் முத்திரையுள்ள பொட்டலங்கள் மட்டும் என்பது மூன்றாவது. உங்கள் பள்ளி எது என்பதை ஜூனுக்குள் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் இருக்கட்டும். வாசலில் நிற்கிற ஒருவர் சொல்லும் பதிலும் வகுப்பாசிரியை சொல்லும் பதிலும் பல நேரம் ஒத்துவராது.

உங்கள் பள்ளி இரண்டாவது வகை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. கோஷரில் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. இறைச்சியும் இல்லாமல் பாலும் இல்லாமல் இருப்பது ‘பரேவ்’. தேங்காய் சாதம் பரேவ். அதே சோற்றில் ஒரு கரண்டி நெய் விட்டால் பால் கணக்கில் போய்விடும். பள்ளியில் கோழி பரிமாறுகிற நாளில் அந்த டப்பாவை மேசையில் வைக்க முடியாமல் போகலாம். முட்டையும் மீனும் பால் கணக்கிலும் சேராது, இறைச்சிக் கணக்கிலும் சேராது. சைவம் என்று நாம் நம்பி வாங்குவதில் மாட்டிக்கொள்பவை: ஜெலட்டின் போட்ட தயிரும் மார்ஷ்மெல்லோவும், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்த சீஸ், திராட்சைச் சாறு. உலர் திராட்சை பரவாயில்லை, சாற்றுக்கு முத்திரை வேண்டும். முத்திரை என்றால் உறையில் வட்டத்துக்குள் ‘யு’ போன்ற சின்னக் குறி. பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீரை, கொத்தமல்லி, காலிஃபிளவர் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் பூச்சிக்காகவும் கோஷர் வீடுகளில் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். டப்பாவில் இவற்றைத் தவிர்த்தால் பேச்சே எழாது.

கோஷரைவிட அலர்ஜி விதி நம் சமையலை அதிகம் கடிக்கும். எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை, பொங்கலில் முந்திரி, இட்லிப் பொடியில் எள், தாளிப்பில் நல்லெண்ணெய். எள்ளை அமெரிக்கச் சட்டம் 2023 ஜனவரி முதல் ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்திருக்கிறது. கொண்டைக்கடலைத் துவையலான ஹம்மஸில் எள் விழுது இருப்பதால் யூதப் பள்ளிகளில் எள்ளுக்குத் தடை இருக்காது என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அலர்ஜி இருந்தால் தடைதான். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல தொடக்க உணவு தயிர் சாதமே. ஒரு கப் குழைந்த சாதத்துக்கு முக்கால் கப் காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி தயிர். தயிர் கூடினால் பன்னிரண்டு மணிக்குப் புளித்து, இறுகி, கரண்டியில் கட்டியாக வரும். பக்கத்தில் ஐஸ் பேக் ஒன்று கட்டாயம். சூடான சாப்பாட்டுக்கு ஃபிளாஸ்க் என்றால், கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிஷம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாதத்தை வைக்க வேண்டும். இதில் ஒரு தப்பு நடக்கும். உடனே முழு பலத்தோடு மூடினால் உள்ளே ஆவி குளிர்ந்து மூடியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பெரியவர்களே திணறுவார்கள். ஒரு நிமிஷம் ஆவி போகவிட்டு, சிந்தாத அளவுக்கு மட்டும் திருகுங்கள். காலை எட்டு மணிக்கு மூடியதைப் பன்னிரண்டுக்கு அவளே திறக்கிறாளா என்று ஆகஸ்டில் வீட்டிலேயே நாலைந்து முறை சோதியுங்கள்.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதிலும் நம் வீடுகளில் ஊட்டிவிடுகிறோம். பள்ளியில் சாப்பாட்டு நேரம் இருபது, இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் கை கழுவலும் ‘பிராஹா’ என்கிற உணவு ஆசீர்வாதமும் உண்டு. ரொட்டி சாப்பிடுகிறவர்கள் இரு கைப்பிடிக் குவளையால் ஒவ்வொரு கையிலும் நீர் ஊற்றிக் கழுவி ‘ஹமோட்சி’ சொல்வார்கள். சோற்றுக்கு அது இல்லை, ‘மெசோனோத்’ என்ற வேறு ஆசீர்வாதம். பக்கத்துப் பிள்ளை சொல்வதும் தான் சொல்வதும் வேறாக இருந்தால் குழந்தை மிரளும். ஆசிரியைக்கு முன்கூட்டியே “பெரும்பாலும் சோறுதான் கொண்டுவருவாள்” என்று சொல்லி வையுங்கள். இன்றிலிருந்தே டைமர் வைத்து, தட்டில் வழக்கத்தின் பாதி அளவு போட்டு, தானாக முடிக்கவிடுங்கள். கையால் சாப்பிடுவது தப்பில்லை, ஆனால் சாப்பிட்ட பின் குழாய்க்குப் போக அங்கே நேரம் இருக்காது. கரண்டியும் பழகட்டும்.

பிறந்தநாளுக்கு வீட்டில் செய்த கேசரியைக் கொண்டுபோகாதீர்கள். முத்திரையுள்ள பேக்கரிப் பொட்டலம், பிரிக்காமல். சில வகுப்புத் தோழிகள் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் அடுப்படியிலிருந்து சாப்பிட மாட்டார்கள். அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் முழுப் பழமும் காகிதத் தட்டும் வையுங்கள், அம்மாக்களுக்கு நிம்மதியாக இருக்கும். பாஸ்கா என்ற வசந்தகாலப் பண்டிகைச் சமயத்தில் விதி இறுகும். 2027இல் அது ஏப்ரல் 21 மாலை தொடங்கி எட்டு நாள். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஐந்தும் புளித்த நிலையில் கூடாது. ஐரோப்பிய வழி யூதர்கள் அரிசி, பருப்பையும் தவிர்த்து வந்தார்கள். கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015இல் அவற்றுக்கு அனுமதி கொடுத்தது, ஆனாலும் பல குடும்பங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. உங்கள் மாமியார் வீட்டில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள், இட்லி மாவு அரைத்த பிறகு தெரியவர வேண்டாம். பள்ளியில் அந்த நாட்களுக்கு முன்பே சமையலறையைச் சுத்தம் செய்து, வெளிச் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார்கள். சுற்றறிக்கையைத் தேதியோடு படியுங்கள்.

வேலைக்குப் போகிறவர் என்றால் நாட்காட்டிதான் தலைவலி. நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரியோதயத்தில் பிறக்கும், அங்கே அஸ்தமனத்தில். எனவே பண்டிகைக்கு முந்தின நாள் மதியமே பள்ளி மூடும், சில பள்ளிகளில் அன்று முழுவதும் விடுமுறை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஷபாத் என்னும் வார ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கும், அதன் விளக்கை அஸ்தமனத்துக்கு 18 நிமிஷம் முன் ஏற்றவேண்டும். டிசம்பரில் நியூ ஜெர்சியில் நாலரை மணிக்குச் சூரியன் போய்விடும், ஆகவே நாலே கால் வாக்கில் விளக்கு. ஆசிரியைகளும் வீடு போய்ச் சேர வேண்டுமே, பல பள்ளிகள் குளிர்கால வெள்ளியில் ஒன்றரை, இரண்டுக்கே விட்டுவிடும். அன்று பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பும் இருக்காது. வெள்ளி மதியத்துக்கு யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

இந்த 2026 உங்களுக்குக் கொஞ்சம் சாதகம். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13, சனி ஞாயிறில் போகிறது. நோன்பு நாளான யோம் கிப்பூர் 21, திங்கள். கூடாரப் பண்டிகையான சுக்கோத் 26 சனிக்கிழமை தொடங்கி, கடைசி நாளான சிம்ஹாத் தோராவோடு அக்டோபர் 4 ஞாயிறு முடிகிறது. இடைப்பட்ட செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 2 வரை முழுவதும் மூடும் பள்ளிகள் உண்டு, சில நாள் திறக்கும் பள்ளிகளும் உண்டு. கேளுங்கள். குழந்தைக்கு இதன் பொருள் என்னவென்றால், பழகத் தொடங்குவாள், விடுமுறை வரும், திரும்பவும் முதல் நாள் மாதிரி அழுவாள். “மூணு வாரம் ஆச்சு, இன்னும் அழறாளே” என்று பதற வேண்டாம். வந்த நாட்களை எண்ணினால் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். கணக்கை அக்டோபர் 5இலிருந்து வையுங்கள். வாசலில் விடும்போது ஒரே வாக்கியம், ஒரு முத்தம், திரும்பிப் பார்க்காமல் கிளம்புதல். யூதப் பள்ளிகளில் காவலும் பூட்டிய கதவும் இருப்பதால் வகுப்புவரை போகப் பல இடங்களில் விடமாட்டார்கள். காரில் பெல்ட்டைத் தானே கழற்றி, பையை எடுத்து இறங்குவதைப் பழக்குங்கள். மாதம் ஒரு தீயணைப்பு ஒத்திகை, ஒரு பாதுகாப்பு ஒத்திகை நியூ ஜெர்சிச் சட்டப்படி நடக்கும். முதல் ஒத்திகைக்கு முன்பே வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

தமிழுக்கு வருகிறேன். எழுத்தை இந்த ஓராண்டுக்குத் தள்ளிப்போடுங்கள், பேச்சை ஒருநாளும் தள்ளாதீர்கள். ஒரே ஆண்டில் ஆங்கிலம், ஹீப்ரு இரண்டின் எழுத்தும் புதிதாக வருகின்றன. மூன்றாவதையும் ஏற்றினால் அவள் வெறுக்கப்போவது தமிழைத்தான். குளியல், சாப்பாடு, தூக்கம் மூன்றும் தமிழில் மட்டும் என்று வையுங்கள். களைத்து வந்தவுடன் “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு” என்று கேட்டால் ஒன்றும் வராது. “யார் பக்கத்துல உக்காந்த?” என்று கேளுங்கள், வரும். ‘அபா’ என்றால் அப்பா, ‘இமா’ என்றால் அம்மா என்று ஹீப்ருவில் சொல்லிக்கொண்டு வருவாள். தமிழும் ஹீப்ருவும் உறவு மொழிகள் இல்லை, இருந்தாலும் குழந்தைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. கூடவே மயிலையும் சொல்லுங்கள். சாலமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்ததாக பைபிளில் வரும் ‘துக்கியீம்’ என்ற சொல் தமிழ்த் ‘தோகை’யிலிருந்து போனது என்று சில அறிஞர்கள் கருதினார்கள். இன்றைய ஹீப்ருவில் ‘துக்கி’ கிளியாகிவிட்டது. வார இறுதித் தமிழ் வகுப்பில் சேர்ப்பதானால் ஞாயிறு வகுப்பாகப் பாருங்கள். ஆனால் சனியன்று விழா வைக்காத தோழிகளின் பிறந்தநாளும் ஞாயிறுதான் வரும், அதற்குத் தமிழ் வகுப்பைச் சில தடவை விட்டுக்கொடுங்கள்.

அவள் கேட்ட கேள்வி. இதற்கு நீங்களும் கணவரும் ஒரே பதிலை வைத்திருக்க வேண்டும், செப்டம்பருக்கு முன்பே. உண்மை நிலவரம் இது: ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் பிரிவுகளில் தாய் வழியாகவோ மதமாற்றத்தாலோதான் யூதராக முடியும். அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு ரப்பிகளின் (யூத மதகுருக்களின்) அமைப்பு 1983இல், பெற்றோரில் ஒருவர் யூதராக இருந்து பிள்ளையும் அந்த வழியில் வளர்ந்தால் போதும் என்று ஏற்றது. மகளுக்கு மூன்று பேர் கொண்ட ரப்பி சபை முன் மிக்வே என்னும் மதமாற்ற முழுக்குச் சடங்கு நடந்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நடந்திருந்தால் எந்தப் பிரிவின் சபை என்பதும் முக்கியம். பள்ளி சேர்த்துக்கொண்டதாலேயே எல்லாச் சினகாக்கும் ஏற்கும் என்று ஆகிவிடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மதப் பொறுப்பு ஏற்கும் பாத் மித்ஸ்வா சடங்கின் சமயத்தில் இது திரும்ப வரும். இப்போது நீங்கள் கணவரோடு உட்கார்ந்து பள்ளி ரப்பியிடம் கேட்க வேண்டியது ஒன்றே: “வகுப்பில் யாராவது ‘உன் அம்மா யூதர் இல்லை, அதனால் நீயும் இல்லை’ என்றால் ஆசிரியை என்ன சொல்வார்?” நல்ல பள்ளியிடம் தயாரான பதில் இருக்கும். மழுப்பினால் அதுவும் ஒரு தகவல்தான்.

குழந்தைக்கு நீளமான விளக்கம் வேண்டாம். “அப்பா யூதர். அம்மா தமிழ். நீ ரெண்டு பேரோட பொண்ணு. ஸ்கூல்ல அப்பா வீட்டு வழக்கத்தைக் கத்துக்கறே, அம்மா வீட்டு வழக்கத்தை நான் சொல்லித்தரேன்.” இந்த அளவு போதும். மேலே கேட்டால் மேலே சொல்லலாம். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பில் முறை வைத்து ஒரு பிள்ளையை ‘ஷபாத் இமா’ ஆக்கி மெழுகுவத்தி, ஹல்லா ரொட்டி, திராட்சைச் சாறு எல்லாம் வைப்பது பல பள்ளிகளின் வழக்கம், பெற்றோரையும் கூப்பிடுவார்கள். அன்று போய் நில்லுங்கள், பிரார்த்தனை தெரியாவிட்டாலும். பொட்டு வைப்பதை ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். முருகன் டாலரும் பிள்ளையார் மோதிரமும் வீட்டில் இருக்கட்டும். கடவுள் உருவம் என்பது யூத மரபில் மிகவும் நெருடலான இடம், அந்தப் பேச்சை ஐந்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் தொங்கவிட வேண்டாம். தீபாவளி இந்த ஆண்டு நவம்பர் 8, ஞாயிறு. பள்ளி லீவு கேட்கத் தேவையே இல்லை.

பண விஷயம் சுருக்கமாக. கட்டணத்தோடு பதிவு, கட்டடம், பாதுகாப்பு என்று தனித்தனியாக என்னென்ன சேரும் என்று மொத்தத் தொகையைக் கேளுங்கள். நர்சரிக்குக் கட்டியதைக் குழந்தைப் பராமரிப்பு வரிச் சலுகையில் காட்டியிருப்பீர்கள், கிண்டர்கார்ட்டன் கட்டணத்தைக் காட்ட முடியாது. பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புக்குக் கட்டுவதைக் காட்டலாம், அதற்குத் தனி ரசீது வாங்குங்கள். வீடு பள்ளியிலிருந்து 2 மைலுக்கு மேல், 20 மைலுக்குள் என்றால் ஊர்ப் பள்ளி மாவட்டம் பஸ்ஸோ அதற்கு ஈடாகப் பணமோ தரவேண்டியிருக்கும். ‘பி6டி’ படிவம் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கும், ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். பேச்சுத் தெளிவில் சந்தேகம் இருந்தால் ‘407-1’ படிவம் கேளுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுச் செலவில் மதிப்பீடும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்க வழி இருக்கிறது. மும்மொழி வீடு என்பதை அதில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மொழிக் கலப்பைக் குறைபாடு என்று எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, மதுரையிலிருந்து பாட்டி தாத்தா வந்து கூட்டிவரப் போகிறார்கள் என்றால், அவர்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியல் விரித்து, அனுமதிப் பட்டியலில் ஏற்றுங்கள். வாசலில் காவலர் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். முதல் தடவை நீங்களும் கூடப் போய் அவருக்கு அறிமுகம் செய்துவையுங்கள், பாஸ்போர்ட் பாட்டியின் கையில் இருக்கட்டும்.